மேகத்தில் பட்டுத் திரும்பிய வெளிச்சம்

கேள்வி: நம் பால்வீதியின் மையக் கருந்துளை 200 ஆண்டுகளுக்கு முன் எக்ஸ் கதிரில் பிரகாசித்தது என்று படித்தேன். எக்ஸ் கதிரையே 1895இல்தானே கண்டுபிடித்தார்கள்? யார் பார்த்தது?

பதில்: அன்று யாரும் பார்க்கவில்லை. காற்று மண்டலம் எக்ஸ் கதிரைத் தரைவரை விடாது. பார்த்தது பிற்காலத்தில், அதுவும் மேகத்தில் பட்டுத் திரும்பிய எதிரொளியை. அது கருந்துளையிலிருந்து வந்தது என்று காட்டியது 2022இல் எடுத்த அளவீடு.

என்னிடம் பழைய கேமராவின் போலராய்டு கண்ணாடி ஒன்று இருக்கிறது. சூரியன் சாயும் நேரத்தில் மொட்டைமாடியில் நின்று, உச்சி வானத்தை அதன் வழியே பார்ப்பேன். மெல்லச் சுழற்றினால் நீலம் கறுக்கும். இன்னும் கால் வட்டம் திருப்பினால் வெளுக்கும். காற்றில் பட்டுச் சிதறிய ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்வதே காரணம். இதுதான் தளவிளைவு. அந்தத் திசைக்குச் செங்குத்தாக வானத்தில் கோடு இழுத்தால் சூரியனில் போய் நிற்கும். சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் மறைந்திருந்தாலும் கோடு தவறாது.

பால்வீதி மையத்திலும் இதைத்தான் செய்தார்கள். கருந்துளைக்கு அருகிலுள்ள மூலக்கூறு மேகங்கள் எக்ஸ் கதிரில் ஒளிர்கின்றன. கடுங்குளிரான வாயு தானாக அப்படி ஒளிர வழியில்லை. வெளிச்சம் வேறெங்கிருந்தோ வந்திருக்க வேண்டும்.

நாசாவும் இத்தாலிய விண்வெளி முகமையும் 2021 டிசம்பரில் ஏவிய ஐஎக்ஸ்பிஇ செயற்கைக்கோள் அந்த மேகங்களை நோக்கியது. அதன் உணரிக்குள் இருப்பது வாயு. எக்ஸ் கதிர் அதில் மோதினால் ஓர் எலக்ட்ரான் தெறிக்கும், பெரும்பாலும் கதிர் அதிரும் திசையை ஒட்டியே. ஒரு மில்லிமீட்டர்கூட நீளாத அந்தத் தடங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்துச் சேர்க்கிறார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கிடைத்த தளவிளைவு 31 சதவீதம். 11 கூடலாம், குறையலாம். செங்குத்துக் கோடு காட்டிய இடம் சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார், 40 லட்சம் சூரியன்களின் நிறை கொண்ட நம் கருந்துளை.

அந்த 31 சதவீதத்திலிருந்து ஒளி எந்தக் கோணத்தில் திரும்பியது என்று கணிக்கலாம். கோணத்திலிருந்து அது எவ்வளவு தூரம் சுற்றி வந்தது என்று தெரியும். சுமார் 200 ஒளியாண்டு. நீங்கள் படித்த 200 இதுதான். மையத்திலிருந்து இங்கு வர எந்த ஒளிக்கும் ஏறத்தாழ 26,000 ஆண்டு ஆகும். நேரே வந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி நம்மைக் கடந்துவிட்டது. மேகத்தில் பட்டு வந்தது இப்போதுதான் சேர்கிறது.

அந்த வெளிச்சம் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. சஜிட்டேரியஸ் பி2 என்ற பெரிய மேகம் 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு எக்ஸ் கதிரில் மங்கிக்கொண்டே வருகிறது.