முதல் கேள்வி மூச்சைப் பற்றியது: கொரோனாக் காலத்தில் லண்டன் 999

2020, 2021ஆம் ஆண்டுகளில் லண்டன் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில், பிரிட்டனின் அவசர எண்ணான 999க்கு வந்த அழைப்புகளை எடுத்த தமிழர் ஒருவர், மற்றவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எழுதிய பதில்கள்.

கேள்வி (மதுரை): எல்லோரும் ஒரே நேரத்தில் அழைக்கும்போது யாருக்கு முதலில் வண்டி அனுப்புவது என்பதை யார் முடிவு செய்தார்கள்?

அழைப்பை எடுப்பவரின் மனப்போக்குக்கு அது விடப்படவில்லை. 999ஐ அழைத்தால் காவல்துறையா, தீயணைப்பா, ஆம்புலன்ஸா என்று தொலைபேசி இணைப்பாளர் கேட்டு எங்களிடம் சேர்ப்பார். நாங்கள் கேட்கும் முதல் கேள்வி நோயின் பெயர் அன்று, "நோயாளிக்கு மூச்சு இருக்கிறதா?" என்பதே. அதன்பின் திரையில் வரிசையாக வரும் கேள்விகளை எழுதியுள்ளபடியே கேட்போம். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன் என்ற மருத்துவர் 1970களின் பிற்பகுதியில் உருவாக்கிய முறை அது. கிடைக்கும் பதில்களைக் கொண்டு அழைப்பு நான்கு வகைகளில் ஒன்றில் சேரும். 2017இல் இங்கிலாந்து வகுத்த இலக்கின்படி, இதயம் நின்றுபோனவர் போன்ற முதல் வகையினரிடம் சராசரியாக 7 நிமிடத்திலும், மாரடைப்பு, பக்கவாதம் என்று ஐயப்படும் இரண்டாம் வகையினரிடம் சராசரியாக 18 நிமிடத்திலும் வண்டி சேர வேண்டும். மூன்றாம், நான்காம் வகைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு முறையே 2 மணி, 3 மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். பெருந்தொற்றின் உச்சத்தில் இந்த நேரக் கணக்கு நொறுங்கியது. முன்பின் வரிசை மட்டும் மாறவில்லை.

கேள்வி (கோயம்புத்தூர்): கொரோனாவுக்கென்று தனிக் கேள்விகள் இருந்தனவா?

இருந்தன. அந்த முறையில் 36ஆம் எண் கொண்ட ஒரு பகுதி பெருந்தொற்றுக்கென்றே உள்ளது. வழக்கமான நாளில் அது உறங்கிக் கிடக்கும். மருத்துவப் பொறுப்பாளர் ஆணையிட்டால்தான் திறக்கப்படும். ஆனால், என் அனுபவத்தில், அந்த நாட்களின் மிகப் பெரிய ஆபத்து 'கொரோனா' என்ற சொல்லேதான். அழைப்பவர் அந்தச் சொல்லோடு தொடங்கினால், கேட்பவரின் மனமும் பின்னாலேயே போய்விடும். நெஞ்சுவலியும், நுரையீரலில் அடைத்த இரத்தக் கட்டியும், வேறு காரணத்தால் வந்த நிமோனியாவும் அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். நோயாளியால் ஒரு வாக்கியத்தை மூச்சிரைக்காமல் சொல்ல முடிகிறதா, உதடும் முகமும் நிறம் மாறியுள்ளனவா, முழு நினைவோடு இருக்கிறாரா என்று அந்தப் பகுதியும் விடாமல் கேட்பது இதனால்தான்.

கேள்வி (ஹாரோ, லண்டன்): என் தந்தை இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தார், ஆனால் ஆக்சிஜன் அளவு மிகக் குறைவாக இருந்தது. தொலைபேசியில் இதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

குரலை மட்டும் கேட்டால் ஏமாந்துபோவோம். இந்த நோய் எங்களுக்குக் கற்பித்த கடுமையான பாடம் அது. அந்தக் குறையை நிரப்பவே 2020 நவம்பரில், வீட்டிலிருக்கும் ஆபத்து மிகுந்த நோயாளிகளுக்கு விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கொடுத்துக் கண்காணிக்கும் திட்டத்தை இங்கிலாந்தில் தொடங்கினார்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 95 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் கவனித்துக்கொண்டிருக்கலாம். 93, 94 என்றால் குடும்ப மருத்துவரையோ, 111 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணையோ அழைக்க வேண்டும். 92 அல்லது அதற்குக் கீழ் என்றால் 999 அல்லது மருத்துவமனை. நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலான எண்ணைக் காட்டக்கூடும். ஆகவே ஓர் எண்ணைப் பார்த்து நிம்மதி கொள்வதைவிட, காலையில் இருந்த எண் மாலையில் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது பயனுள்ளது.

கேள்வி (ஈஸ்ட் ஹாம், லண்டன்): ஆங்கிலம் தெரியாத அம்மா தனியாக இருந்தால்?

'தமிழ்' என்ற ஒரு சொல் போதும். மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியிலேயே இணைத்துவிடுவோம். உண்மையில் எனக்குச் சிக்கல் தந்தவர்கள் ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள். 'மூச்சு வாங்குது' என்றும் 'மூச்சு முட்டுது' என்றும் அம்மா வேறுபடுத்திச் சொல்வதை, மகன் 'உடம்பு சரியில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரே வரியில் முடித்துவிடுவார். பக்கத்தில் யாராவது இருந்தால், அம்மா சொன்ன சொற்களை அப்படியே சொல்லுங்கள்.

கேள்வி (சென்னை): 2021 மே மாதம் இங்கே அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் நோயாளிகளோடு வரிசையில் நின்றன. லண்டனிலும் அப்படித்தானா?

2021 சனவரியில் அதேதான். நோயாளியை 15 நிமிடத்தில் மருத்துவமனையிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. படுக்கை இல்லாதபோது வண்டியே படுக்கையாகிவிடுகிறது. வாசலில் நிற்கும் ஒவ்வொரு வண்டியும் எங்கோ ஒரு வீட்டுக்குப் போகாத வண்டி. பாதுகாப்பு உடை அணிய, வண்டியைத் துடைத்துச் சுத்தம் செய்ய நேரம் பிடித்தது. ஊழியர்களும் நோயில் விழுந்தார்கள். 2020 ஏப்ரலிலேயே தீயணைப்பு வீரர்கள் ஆம்புலன்ஸ் ஓட்ட வந்துவிட்டார்கள். அவசரம் குறைந்தவர்களைச் செவிலியரோ பாராமெடிக்கோ (ஆம்புலன்ஸில் சிகிச்சை தரும் பயிற்சி பெற்றவர்) திரும்ப அழைத்து விசாரித்து, பலரை வண்டி இல்லாமலேயே வழிநடத்தினார்கள். அவர்களிடம் சொன்னது ஒன்றுதான்: நிலை மோசமானால் தயங்காமல் மறுபடி அழையுங்கள். மறு அழைப்பு தொல்லை அல்ல. வரிசையில் அவர்களுடைய இடத்தை மாற்றும் புதிய செய்தி.

கேள்வி (திருச்சி): பயந்து அழைக்காதவர்களும் இருந்தார்களா?

இருந்தார்கள். 2020 ஏப்ரலில் இங்கிலாந்தின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை முந்தைய ஏப்ரலைவிட 57 சதவீதம் குறைந்தது. சிறு காயங்கள் குறைந்ததை நம்பலாம். மாரடைப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

கேள்வி (யாழ்ப்பாணம்): வண்டி வரும் முன்பே இதயம் நின்றுவிட்டால், தொற்றுக்கு அஞ்சி விலகி நிற்கச் சொன்னீர்களா?

இல்லை. இணைப்பைத் துண்டிக்காமல், ஒலிபெருக்கியைப் போடச் சொல்லி, நெஞ்சை அழுத்தும் முறையை எண்ணிக்கையோடு சொல்லிக்கொடுத்தோம். வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதச் சொல்லவில்லை; நோயாளியின் வாய், மூக்கின் மேல் ஒரு துணியைத் தளர்வாகப் போட்டுவிட்டு அழுத்தச் சொன்னோம். இங்கும் மூச்சுதான் குழப்பும்: இதயம் நின்ற சில நிமிடங்கள் வரை விட்டுவிட்டு வரும் குறட்டை போன்ற இழுப்பை உறவினர்கள் 'மூச்சு இருக்கிறது' என்பார்கள். அதனால் ஒவ்வொரு முறை மூச்சு இழுக்கும்போதும் 'இப்போது' என்று சொல்லும்படி கேட்போம். ஒரு 'இப்போது'வுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம் நீண்டுகொண்டே போனால், அழுத்தத் தொடங்கச் சொல்வோம்.