மின்தூங்கியும் பம்பலப்பிட்டி தாண்டியாரும்

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஐந்து மாடி ஏறி இறங்கும் உங்களுக்கு வணக்கம். அடிக்கடி நின்றுபோகும் மின்தூக்கிக்கும், நகரின் மறுகோடியான கொட்டாஞ்சேனையில் படுக்கையில் இருந்தபடியே, உங்கள் வீட்டுக்குச் சற்று முன்னால் வரும் "பம்பலப்பிட்டி தாண்டிவிட்டேன்" என்று தொலைபேசியில் சொல்லும் நண்பருக்கும் புண்படுத்தாத பட்டப்பெயர் கேட்டிருக்கிறீர்கள்.

மின்தூக்கிக்கு யோசிக்கவே வேண்டாம். ஓர் எழுத்தை மாற்றினால் போதும்: மின்தூங்கி.

நண்பர் விஷயம்தான் சுவையானது. இயற்பெயர் தெரியாமல்போன சங்கப் புலவர் சிலருக்கு அவர்கள் பாட்டில் வந்த தொடரையே பெயராக வைத்தார்கள். குறுந்தொகை 40ஆம் பாடலுக்குச் செம்புலப்பெயனீரார், அடுத்ததற்கு அணிலாடு முன்றிலார். அந்த வழியில் உங்கள் நண்பர் 'பம்பலப்பிட்டி தாண்டியார்'. அவர் வாயிலிருந்து வந்த தொடர்தானே! கடைசியில் 'ஆர்' என்ற மரியாதையும் இருப்பதால் கோபித்துக்கொள்ளவும் முடியாது. அப்படியும் திருந்தாவிட்டால் 'தாண்டார்' என்று சுருக்கிவிடுங்கள். தாண்டமாட்டார் என்று பொருளே தலைகீழாகிவிடும். 'புளுகர்' என்று மட்டும் தொடங்காதீர்கள், அது விளையாட்டாக நிற்காது.

பட்டப்பெயர் வைக்கத் தொட்டாற்சுருங்கி என்ற செடியின் பெயரும் நல்ல அச்சு. கடற்காற்று வீசும் காலிமுகத்திடலில் விரித்த மறுநொடியே மேல்நோக்கி மலர்ந்துவிடும் என் குடைக்கு 'காற்றுப்பட்டாற்கவிழி' என்று வைத்திருக்கிறேன். பெயர் கொஞ்சம் நீளம்தான். குடை வாங்கிய விலைக்கு அதுவே அதிகம் என்கிறாள் மனைவி.