துளிர் வந்தது, வேர் வரவில்லை
(தோட்டம்: வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: இளஞ்சிவப்பு முசாண்டா ஒன்றே ஒன்று வைத்திருக்கிறேன். அதிலிருந்து பன்னிரண்டு குச்சிகள் வெட்டி நட்டேன். இரண்டு வாரத்தில் எல்லாக் குச்சிகளும் துளிர்த்தன. பிறகு ஒவ்வொன்றாகக் கருகிவிட்டன. பிடுங்கிப் பார்த்தால் வெட்டுவாயில் வெள்ளையாக ஒரு கட்டி மட்டும் இருந்தது, வேர் இல்லை. எங்கே தவறு செய்தேன்?

பதில்: துளிரைக் கண்டு தாங்கள் மகிழ்ந்த அந்த நாளிலேயே குச்சிகள் நலிவடையத் தொடங்கிவிட்டன. கணுவில் ஏற்கெனவே உருவாகியிருக்கும் மொட்டு விரிவதற்குத் தண்டில் சேமித்துள்ள மாவுச்சத்தும் சிறிது ஈரமும் போதும். வேரோ புதிதாக உருவாக வேண்டியது. தண்டின் உள்ளே நீரும் உணவும் செல்லும் குழாய்களை ஒட்டியுள்ள செல்கள் தம் பழைய வேலையை விட்டுவிட்டு வேர்முனையாக மாற வேண்டும், அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அந்த இடைவெளியில் புதுத் துளிர்கள் சேமிப்பைத் தின்று, இலை வழியே நீரையும் இழந்துவிட்டால், குச்சி தாங்காது. தாங்கள் கண்ட வெள்ளைக் கட்டி காயம் ஆறும்போது உண்டாகும் திசு. அது வேருக்கு முன்னறிவிப்பு என்று பலர் எண்ணுவது சரியன்று. கட்டி கட்டியும் வேர்விடாத குச்சிகள் உண்டு, கட்டியே இல்லாமல் வேர்விடுபவையும் உண்டு.

முசாண்டாவில் நாம் இதழ் என்று நினைத்து இரசிப்பவை உண்மையில் விரிந்த புல்லிதழ்கள். அவை பெருத்த கலப்பினங்களில் பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை என்பதால் குச்சியையோ பதியத்தையோ தவிர வேறு வழியில்லை. பூக்காத கிளையையே தேர்ந்தெடுங்கள், ஏனெனில் பூவும் பூமொட்டும் வேருக்குப் போகவேண்டிய உணவை இழுத்துக்கொள்ளும். நுனி மிக இளசாக இருந்தால் அழுகும், அடித்தண்டு முற்றியிருந்தால் வேர்விடத் தயங்கும். வளைத்தால் சற்று வளைந்து பிறகு 'டக்'கென்று ஒடியும் பகுதியே ஏற்றது. விடியற்காலையில், தண்டு நீர் நிறைந்திருக்கும்போது, 10 முதல் 15 செ.மீ. நீளத்தில் ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் வெட்டுங்கள். கீழ் இலைகளை நீக்கி, மேலே இரண்டை மட்டும் விட்டு, அவை பெரிதாக இருந்தால் குறுக்கே பாதியாக நறுக்கிவிடுங்கள். எல்லா இலைகளையும் உருவிவிடுவது தவறு. வேருக்கு வேண்டிய சர்க்கரையும் ஊக்கப்பொருளும் அந்த இலைகளிலிருந்துதான் இறங்கி வருகின்றன.

நடும் ஊடகத்துக்குச் சத்து தேவையில்லை, காற்றோட்டம்தான் தேவை. பெருமணலும் தென்னை நார்த்தூளும் சம அளவாகவோ, நார்த்தூளும் பெர்லைட் என்னும் இலேசான வெண்துகளுமாகவோ கலந்துகொள்ளலாம். தொழு உரம் வேண்டவே வேண்டாம். தொட்டியின்மேல் பாலித்தீன் உறையைக் கூடாரம்போல் மூடி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். உறைக்குள் நீர்த்திவலைகள் படிந்திருக்கும்வரை நீர் ஊற்ற வேண்டியதில்லை. குச்சி காய்ந்து சாவதைவிட, அன்பு மிகுந்து ஊற்றிய நீரில் அழுகிச் சாவதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வேர் ஊக்கித் தூளின் அளவைக் கூட்டினால் வேர் விரைவில் வருமா?

பதில்: வராது. அளவு மீறினால் குச்சியின் அடி கறுத்துவிடும், இலை மஞ்சளாகி உதிரும், சிலவற்றில் வேர் வந்தாலும் மொட்டு விரியாமல் அப்படியே நின்றுவிடும். இத்தூள்களில் பெரும்பாலும் இருப்பது இண்டோல் பியூட்டிரிக் அமிலம். 1930களின் நடுப்பகுதியில் அதன் வேர்விடச் செய்யும் ஆற்றல் அறியப்பட்டதிலிருந்து இன்றுவரை நாற்றங்கால்கள் அதையே நம்பியிருக்கின்றன. செடியே இயற்கையாகச் சுரக்கும் இண்டோல் அசெட்டிக் அமிலத்தைவிட அது எளிதில் சிதையாது என்பது இதற்கு ஒரு காரணம். இளந்தண்டுக்கு 1,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்னும் அளவு), பாதி முற்றியதற்கு 3,000, நன்கு முற்றிய கட்டைக்கு 8,000 வரை என்பது பொதுவான வரையறை. தூளைத் தனியே சிறிது கொட்டி அதில் குச்சியைத் தொட்டு, அதிகமாக ஒட்டியதைத் தட்டிவிட்டு நடுங்கள். ஈரக் குச்சியை டப்பாவுக்குள்ளேயே நுழைத்தால் மீதித் தூளும் கெட்டுப்போகும்.

கேள்வி: என்னிடமுள்ள கமேலியா மிகப் பழைய செடி. அதன் குச்சிகள் மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கின்றன, வேர் மட்டும் விடுவதில்லை.

பதில்: செடிக்கு வயது ஏற ஏற வேர்விடும் திறன் குறைவது இயல்பு. பழைய கிளையின் நுனியில் இவ்வாண்டு முளைத்த தளிரும் அந்த முதுமையைச் சுமந்தே வருகிறது. எனவே தாய்ச்செடியின் ஒரு பக்கத்துக் கிளையை மட்டும் அடிவரை கவாத்து செய்து, அடிப்பகுதியிலிருந்து வீரியமாகக் கிளம்பும் புதுக்கிளைகளை, இலைகள் கெட்டிப்பட்ட பிறகு எடுங்கள். அடியில் ஒரு பக்கம் 2 செ.மீ. நீளத்துக்குப் பட்டையை மெல்லச் சீவிவிட்டால், வேர் ஊக்கி உள்ளிறங்கவும் வேர் வெளிவரவும் எளிதாகும். கமேலியாவுக்கு இன்னொரு வசதியும் உண்டு: ஓர் இலை, அதன் கக்கத்து மொட்டு, சிறு தண்டுத்துண்டு ஆகிய இவ்வளவே ஒரு செடியாகும் என்பதால், ஒரே கிளையிலிருந்து பல துண்டுகள் கிடைக்கும். இரண்டு மூன்று மாதம் பொறுத்திருங்கள். அதற்கும் இசையாவிட்டால் விண்பதியம் போடுங்கள், அதாவது கிளையை வெட்டாமல் செடியிலேயே வேர்விடச் செய்யுங்கள்; வேர்விடும்வரை கிளை தாயிடமிருந்தே நீர் பெற்றுக்கொண்டிருக்கும்.

கேள்வி: இலையில் வெள்ளைக் கோடுள்ள செடியை வேர்த்துண்டிலிருந்து பெருக்கலாமா?

பதில்: வேண்டாம். பல செடிகளில் அந்தக் கோடு, இருவகைத் திசுக்கள் அடுக்கடுக்காக அமைவதால் வருவது. வேரிலிருந்து கிளம்பும் முளை உள்திசுவிலிருந்து பிறப்பதால் பெரும்பாலும் கோடில்லாமல் வரும். கோடு தெளிவாக உள்ள தண்டையே வெட்டுங்கள்.

கேள்வி: வேர்விட்ட காகிதப்பூக் குச்சிகளைத் தொட்டி மாற்றியதும் வாடிவிட்டன. ஏன்?

பதில்: காகிதப்பூவின் வேர் தொட்டாலே ஒடியும் அளவுக்கு நொய்மையானது. அதனால் ஒரு குச்சிக்கு ஒரு சிறு தொட்டி என்று தொடக்கத்திலேயே நட்டு, பிறகு மண்கட்டி குலையாமல் அப்படியே மாற்றுங்கள். பாலித்தீன் உறையையும் ஒரே நாளில் எடுக்காமல், பத்துப் பதினைந்து நாள்களில் சிறிது சிறிதாகத் திறந்துவிடுங்கள். குளிர்நாட்டுப் புதர்களான ஹமாமெலிஸ் போன்றவற்றில் பிரச்சினை வேறு: வேர்விட்ட அதே பருவத்தில் புதுத்துளிர் விடாத கன்று குளிர்கால உறக்கத்திலிருந்து எழாமலே போய்விடக்கூடும் என்பதால், அடுத்த வசந்தத்தில் வளர்ச்சி தெரியும்வரை அவற்றை அசைக்கவே கூடாது.

முதற்கேள்வி கேட்டவருக்கு ஒன்றைச் சொல்ல மறந்தேன். ஒரே செடியாக இருக்கும்போது ஒரே நாளில் பன்னிரண்டு குச்சி வெட்டாதீர்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நான்கு நான்காக வெட்டினால், எந்தப் பதத்துக் கிளை வேர்விடுகிறது என்பது தெரிந்துவிடும். தேறியதில் ஒன்றை வேறொருவர் தோட்டத்திலும் வையுங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா பகுதியைச் சேர்ந்த பிராங்க்ளினியா என்னும் சிறுமரம் 1803க்குப் பின் காட்டில் உறுதியாகக் காணப்படவில்லை. 18ஆம் நூற்றாண்டில் சிலர் விதை கொண்டுபோய்த் தோட்டத்தில் வளர்த்ததால்தான் அது இன்றும் இருக்கிறது. அதன் இளங்குச்சியோ, முசாண்டாவைப் போல நம்மைச் சோதிக்காமல், எளிதாக வேர்விடும்.