எடை ஏறவில்லை, தொப்பை மட்டும் எப்படி ஏறியது?

கேள்வி: எனக்கு 58 வயது. மும்பை மாட்டுங்காவில் இருக்கிறேன். சைவம். கல்யாணத்தின்போது 68 கிலோ இருந்தேன், இன்றும் 68தான். ஆனால் பேண்ட் அளவு 32-லிருந்து 36 ஆகிவிட்டது. தொடை சூம்பிப்போன மாதிரி இருக்கிறது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. தினமும் காலையில் ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றி 45 நிமிடம் நடக்கிறேன். தொப்பை குறையட்டும் என்று இரவில் இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். நடுவில் மூன்று கிலோ இறங்கியது. தீபாவளிக்குப் பிறகு மறுபடி ஏறிவிட்டது. மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1. 'வயசானா அப்படித்தான்' என்கிறாள் மனைவி. ஜிம்முக்குப் போகும் நண்பர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி. நண்பர் சொல்வதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த இரண்டு சப்பாத்திதான்.

முதலில் அந்த 68-ஐப் பார்ப்போம். முப்பதைத் தாண்டியதும் பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. அறுபதுக்குப் பிறகு வேகம் கூடும். கரைந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. வெயிங் மெஷினுக்கு ஒரு கிலோ தசையும் ஒரு கிலோ கொழுப்பும் ஒன்றுதான், அதனால் எண் அப்படியே நிற்கிறது. உங்கள் தையல்காரருக்குத் தெரிந்தது மெஷினுக்குத் தெரியவில்லை.

'நாற்பதுக்கு மேல் மெட்டபாலிசம் குறைந்துவிடும், நாம் என்ன செய்ய முடியும்' என்று பலர் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். 2021-இல் 'சயன்ஸ்' இதழில் 6,400-க்கும் மேற்பட்டவர்களை அளந்து ஓர் ஆய்வு வந்தது. உடல் அளவையும் தசையின் அளவையும் கணக்கில் எடுத்துப் பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை உடல் எரிக்கும் சக்தி ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கிறது. இறக்கம் அதற்குப் பிறகுதான். ஆகவே நாற்பதில் விழுந்த தொப்பைக்கு வயதைக் குற்றம் சொல்ல முடியாது. நாள் முழுக்க ஆபீஸ் நாற்காலி, தசைக்கு வேலையே இல்லாத வாழ்க்கை, தட்டில் சோறும் மாவும் மட்டும். காரணங்களை அங்கேதான் தேட வேண்டும்.

தினமும் நடந்தும் தொடை ஏன் சூம்புகிறது? நம் தசையில் இரண்டு வகை நார்கள் உண்டு. மெதுவாக, களைக்காமல் உழைப்பவை ஒரு வகை; சட்டென்று வலுவைக் காட்டுபவை இன்னொரு வகை. ஓடிப்போய் லோக்கல் ரயிலின் கம்பியைப் பிடிக்கும்போதும், தடுக்கி விழப்போய்ச் சமாளிக்கும்போதும், தரையிலிருந்து எழும்போதும் வேலை செய்பவை இந்த வேக நார்கள். வயது ஏற ஏற அதிகமாகச் சுருங்குவதும் இவைதான். இவற்றை இயக்கும் நரம்பு செல்கள் தண்டுவடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக இறந்துபோகின்றன. தசையின் அளவைவிட வலு வேகமாக இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். சமதளத்தில் நடக்கும்போது வேக நார்களுக்குப் பெரிதாக வேலை இல்லை. இதயத்துக்கும் மனசுக்கும் அந்த நடை நல்லது, விட வேண்டாம். ஆனால் அது மட்டும் போதாது.

என் கிளினிக்கில் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் நாற்காலியிலிருந்து எழுவதைக் கவனிப்பேன். உடம்பை முன்னால் தள்ளி, ஒரு கையை மேஜை விளிம்பில் வைத்து, 'அப்பாடா' என்று எழுவார்கள். பிரஷர் பார்ப்பதற்கு முன்பே பாதி விவரம் அதில் கிடைத்துவிடும். நீங்களும் சோதித்துப் பாருங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசை வலு குறைவு என்று ஆசிய மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. கெண்டைக்காலின் பருத்த இடத்தில் டேப்பைச் சுற்றுங்கள். ஆண்களுக்கு 34 செ.மீ.க்குக் கீழே போகக்கூடாது. இடுப்புக்குப் பேண்ட் அளவை நம்பாதீர்கள், பாதிப் பேர் தொப்பைக்குக் கீழேதான் பெல்ட் போடுகிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின் அளக்க வேண்டும். இந்திய ஆண்களுக்கு எல்லை 90 செ.மீ. டேப்பைக் கண்டதும் வயிற்றை எக்கிக்கொள்வது ஆண்களின் பிறவிக் குணம். வீட்டிலாவது எக்காமல் அளந்துகொள்ளுங்கள்.

இனி கொழுப்பு. எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதுதான் முக்கியம். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு அவ்வளவு தொல்லை தராது. ஒன் பி.எச்.கே. வீட்டில் பரண் நிறைந்தபின் சாமான் நடைவழிக்கு வருகிற மாதிரி, அங்கே இடம் போதாதபோது கொழுப்பு குடலைச் சுற்றியும், ஈரலுக்குள்ளும், தசை நார்களுக்கு நடுவிலும் போய்ச் சேர்கிறது. இந்தியர்களுக்கு அந்தப் பரண் சின்னது. பூனாவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யூட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவர் படத்தையுமே போட்டு இதைக் காட்டினார்கள். உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. ஆனால் உடல் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்.

உங்கள் எச்பிஏ1சி 6.1 இதோடு சேர்ந்ததுதான். 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் வாசல். சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. அது சுருங்கி, அதற்குள்ளேயே கொழுப்பும் புகுந்துவிட்டால், இன்சுலின் சொல்வதைக் கேட்காது.

இப்போது சப்பாத்திக்கு வருகிறேன். உடற்பயிற்சி இல்லாமல் வெறுமனே சாப்பாட்டைக் குறைத்து எடை இறக்கினால், இறங்குவதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கொழுப்பாக இருக்காது. தசையும் சேர்ந்து போகும். மறுபடி ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பாகத்தான் ஏறும். உங்களுக்கு இறங்கி ஏறிய அந்த மூன்று கிலோவில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். இன்னும் இரண்டு முறை இப்படிப் பட்டினி கிடந்தால் மெஷின் 68தான் காட்டும், தொடை இன்னும் மெலிந்திருக்கும்.

உங்கள் வயதில் புரதம் கூடுதலாகவே வேண்டும். இளைஞனுக்குக் கொஞ்சம் புரதம் போனாலே தசை விழித்துக்கொள்ளும். நமக்கு ஒரு வேளைக்கு 25 கிராம் அளவுக்காவது போனால்தான் அசையும். கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்று வைத்தால் உங்களுக்கு நாளைக்கு 70, 80 கிராம். காலையில் மூன்று இட்லியில் ஆறேழு கிராம், இரவு இரண்டு சப்பாத்தியில் அதே அளவு. மதியம் சாம்பார், கூட்டு, தயிர் எல்லாம் சேர்த்தாலும் மொத்தம் 45-ஐத் தாண்டுவது கஷ்டம். இட்லியை மூன்றிலிருந்து இரண்டாக்கி, கூடவே ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் வையுங்கள், அதில் மட்டும் பன்னிரண்டு கிராம் கிடைக்கும். மதியம் சாதத்தைக் கைப்பிடி குறைத்து, மட்கி உசலோ (முளைகட்டிய நரிப்பயறுக் கறி) கெட்டிப் பருப்போ. மும்பையில் இருந்துகொண்டு மட்கியைச் சீண்டாத தமிழ்க் குடும்பங்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம்தான். இரவு அதே சப்பாத்தியோடு 100 கிராம் பனீர், இல்லையென்றால் 30 கிராம் சோயா சங்க்ஸ். பவுடர் டப்பா கட்டாயமில்லை. ஆனால் புரதத்தைக் கூட்டுவதற்கு முன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கே வேறு.

சாப்பாடு மட்டும் தசையாக மாறாது. பாரம் வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டு, அதே நாற்காலியில் பத்துப் பத்தாக மூன்று சுற்று எழுந்து உட்காருங்கள். சுலபமானதும் இரண்டு கையிலும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், பிறகு டம்பெல். சுவரில் கை வைத்துத் தண்டால், படிக்கட்டில் ஏறி இறங்குவது, ரப்பர் பேண்டை இழுப்பது. கடைசி இரண்டு முறை 'இனி முடியாது' என்கிற அளவுக்குக் கஷ்டமாக இருக்க வேண்டும், மூச்சை அடக்காதீர்கள். பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலோ நெஞ்சுவலி இருந்தாலோ முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். 58-இல் பலன் இருக்குமா என்று கேட்பீர்கள். 1990-இல் அமெரிக்காவில் தொண்ணூறை ஒட்டிய முதியோர் இல்லவாசிகளுக்கு எட்டு வாரம் கடினமான எடைப் பயிற்சி கொடுத்தபோது, அவர்கள் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது.

நண்பரின் ஊசி: டெஸ்டோஸ்டிரோன் வயதோடு மெல்லக் குறைவது உண்மை. ஆனால் தொப்பையே அதைக் குறைக்கும்; கொழுப்புத் திசு அதில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. இடுப்பு இறங்கினால் பலருக்கு அளவு தானாக ஏறும். ஆசை குறைவு, விறைப்புக் கோளாறு போன்ற அறிகுறி இருந்து, காலை நேரத்தில் இரண்டு வெவ்வேறு நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையிலும் குறைவாக வந்தால் மட்டுமே சிகிச்சையைப் பற்றி யோசிப்போம். 2023-இல் வெளியான, 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த ஆய்வில் மாரடைப்பு கூடவில்லை. ஆனால் ஒழுங்கற்ற இதயத் துடிப்பும் நுரையீரலில் ரத்தக்கட்டியும் கொஞ்சம் கூடின. ரத்தம் கெட்டியாவதையும், புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை அளவையும் கண்காணிக்க வேண்டும். ஜிம்மில் கைமாறும், லேபிள் சரியாக இல்லாத பாட்டிலை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள்.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி, இடுப்பு அளவு, நாற்காலிச் சோதனை மூன்றையும் மறுபடி பாருங்கள். இடையில் முயற்சியே இல்லாமல் மூன்று நான்கு கிலோ இறங்கினாலோ, ஒரு கால் மட்டும் மெலிந்தாலோ, கையைத் தலைக்கு மேலே தூக்கவே கஷ்டப்பட்டாலோ உடனே டாக்டரிடம் போங்கள். தைராய்டு, காசநோய், முதுகு நரம்பு அழுத்தம், வேறு பலவும் இப்படித்தான் தொடங்கும். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. சாப்பிட்டு, தொடையில் வலியும் இருந்தால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் தசை பாதிப்பைக் காட்டும் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.