ஸ்ட்ராட் வகை கிட்டாரின் சத்தம் காதைக் குத்துகிறது. இதமாக ஒலிக்க எந்த பிக்கப் (கம்பி அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்) போடலாம்?

முதலில் வால்யூம், டோன் பாட்களை (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடைகளை) பாருங்கள். சிங்கிள் காயிலோடு (ஒற்றைச் சுருள் பிக்கப்) 500 கிலோஓம் பாட் இருந்தால் 250 ஆக்குங்கள். கூர்மை நன்றாகவே அடங்கும். பல ஸ்ட்ராட்களில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு (கம்பிகளைத் தாங்கும் பாலத்தின் அருகில் இருப்பது) டோன் கன்ட்ரோலே கிடையாது. சுவிட்சில் ஒரு சின்ன வயர் போட்டால் வந்துவிடும்.

அப்புறமும் குத்தினால்தான் பிக்கப். காயிலில் சுற்று கூடக் கூட இண்டக்டன்ஸ் (மின்தூண்டல், ஹென்ரியில் அளப்பது) உயரும், ரெசொனன்ஸ் உச்சம் (பிக்கப் தூக்கிக் காட்டும் அதிர்வெண்) கீழே இறங்கும், மிட் (நடு ஒலிகள்) தடிக்கும். பழைய பாணி சிங்கிள் காயிலின் மின்தடை சுமார் 6 கிலோஓம். பிரிட்ஜுக்கு 7 முதல் 8 வரை தேடுங்கள். ஓம் கணக்கை மட்டும் நம்பி வாங்குவது வீண்: 43 கேஜ் கம்பி மெல்லியது, 42 கேஜ் கம்பியை அதே அளவு சுற்றினால் வருவதைவிட அதிக ஓம் காட்டும். ஹென்ரி அளவு கொடுத்திருந்தால் அதையே ஒப்பிடுங்கள்.

காந்தத்தில் என் தேர்வு அல்நிகோ 2 (அல்நிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்த உலோகம்). அல்நிகோ 5 போலப் பளிச்சென்று அறையாது. பேஸ் மட்டும் சற்றுத் தளரும். இரைச்சலும் போகவேண்டுமென்றால் சிங்கிள் காயில் அளவிலேயே வரும் ஹம்பக்கர் (இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்), மரத்தைக் குடையாமல் பொருந்தும்.

ஒரு பிக்கப்பை மட்டும் மாற்றினால் ஃபேஸ் இடிக்கலாம், அதாவது அதன் சிக்னல் மற்றதற்கு எதிராக வரலாம். இரண்டு பிக்கப் சேரும் நிலையில் சத்தம் ஒல்லியாகி மூக்கடைத்தால் புதியதன் இரு வயர்களையும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள். உலோக மூடியோ அடித்தகடோ இருந்தால் அதன் கிரவுண்டை முன்னதாகப் பிரித்துத் தனி வயரில் இணைக்க வேண்டும்.