மெமோரியல் டே விடுமுறையில் டென்வரும் ராக்கி மலையும்: வானிலையை நம்பிப் போகலாமா?

நீங்கள் கேட்டது இது: மே மாதக் கடைசித் திங்களன்று வரும் மெமோரியல் டே விடுமுறைக்கு ஹூஸ்டனிலிருந்து வெள்ளி இரவு டென்வர் வருகிறீர்கள், அடுத்த வியாழன் வரை தங்கல். கூட ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவும் எட்டு வயதுப் பையனும். போனில் பார்த்தால் எல்லா நாளுக்கும் மின்னல் போட்ட மேகப் படம். பயணத்தை ரத்து செய்துவிடலாமா?

வேண்டாம், வாருங்கள். பத்து வருடத்துக்கு மேல் டென்வரில் இருக்கிறேன். மே கடைசி வாரத்தில் அந்த மின்னல் படம் வராத வருடம் எனக்கு நினைவில் இல்லை. ஒரு நாளில் அரை மணி நேரம் இடித்தாலும் போன் அந்த நாள் முழுவதற்கும் அதே படத்தைத்தான் போடும். இந்த வாரத்தின் வழக்கமான நாள் எப்படி இருக்கும் என்றால், காலை பதினோரு மணி வரை பளிச்சென்று நீல வானம். நண்பகலில் மலை மேல் மேகம் கட்டும். ஒன்று, இரண்டு மணிக்கு அங்கே இடிக்கும். மூன்று, நான்கு மணிக்கு அந்த மழை டென்வர் பக்கம் நகர்ந்து வரும். ஏழு மணிக்குள் பெரும்பாலும் வானம் வெளுத்துவிடும். பகலெல்லாம் காய்ந்துவிட்டுச் சாயங்காலம் திடீரென்று கொட்டுகிற நம்மூர் கோடை மழையை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவிடம் இப்படிச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். அதே வெப்பச்சலனம்தான். ஆனால் இங்கே தரையே கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. மேகத்துக்குள் உறைந்த கட்டி உருகுவதற்குள் தரைக்கு வந்துவிடும். அதனால்தான் இந்தப் பக்கம் ஆலங்கட்டி இவ்வளவு அதிகம்.

எந்த நாள் எப்படி அமையும் என்பதைக் காற்றின் திசைதான் முடிவு செய்யும். மேற்கிலிருந்து வந்தால் மலையைக் கடந்து இறங்கும்போதே காய்ந்து சூடாகிவிடும், அன்று வெயில். கிழக்கிலிருந்து வந்தால் உங்கள் ஹூஸ்டன் பக்கத்து வளைகுடா ஈரம்தான் சமவெளி வழியாக வந்து மலைச்சரிவில் ஏறும், ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகும். டென்வருக்கு அதிக மழை தரும் மாதம் மே. அதுவே சராசரியாக இரண்டு அங்குலம்தான், சென்னையில் ஒரே இரவில் இதைவிட அதிகமாகப் பெய்வதுண்டு. இந்த வாரத்தில் பகல் வெப்பம் சராசரியாக 75 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும், அதாவது 24 செல்சியஸ். சராசரியை மட்டும் நம்பி சட்டை எடுத்து வைக்காதீர்கள். 2022 மே 19ஆம் தேதி இங்கே 90 டிகிரியை நெருங்கிய வெயில். மறுநாள் இரவு பனி பெய்து, இலை விட்டிருந்த மரங்களின் கிளைகள் ஒடிந்து விழுந்தன. விடுமுறைக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு நடந்தது அது.

அப்புறம், உங்கள் பட்டியலில் முதலில் இருக்கும் டிரெயில் ரிட்ஜ் ரோடு. எஸ்டெஸ் பார்க் என்ற ஊரிலிருந்து கிராண்ட் லேக் என்ற ஊர் வரை ராக்கி மவுண்டன் தேசியப் பூங்கா வழியாகப் போகும் 48 மைல் சாலை. உச்சியில் 12,183 அடி. அதில் பதினோரு மைல் மரமே வளராத உயரத்தில் போகிறது. குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும் இதை வழக்கமாக இந்த விடுமுறையை ஒட்டித்தான் திறப்பார்கள். பனி அதிகமாக விழுந்த வருடம் ஜூனுக்குத் தள்ளிப்போகும். திறந்த பிறகும் இரவில் பனி விழுந்தால் மறுநாள் காலை மூடிவிடுவார்கள். அதனால் கிளம்புவதற்கு முன் பூங்காவின் தளத்தில் சாலை நிலவரத்தைப் பாருங்கள், குறிப்பிட்ட நேரத்தில் உள்ளே நுழைவதற்கான அனுமதிச் சீட்டு வேண்டுமா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

ஒரு வருடம் என் அப்பாவை அங்கே கூட்டிப்போனேன். டென்வரில் அன்று வெயில் கொளுத்தியது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியதால் மேலே போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. காரை நிறுத்தி, பனிச்சுவருக்குப் பக்கத்தில் அப்பாவை நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஐந்தே நிமிடத்தில் வானம் கறுத்து, ஜவ்வரிசி மாதிரி வெள்ளைக் கட்டிகள் முகத்தில் அடித்தன. பக்கத்திலேயே ஒரு இடி. அப்பாவால் அந்த உயரத்தில் வேகமாக நடக்க முடியவில்லை, மூச்சு வாங்கியது. கார் முப்பது அடி தூரத்தில்தான் இருந்தது, ஆனால் அந்த முப்பது அடியை நான் இன்னும் மறக்கவில்லை. 2014 ஜூலையில் அதே சாலையை ஒட்டி, அடுத்தடுத்த இரண்டு நாட்களில் மின்னல் தாக்கி இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள். காரிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் வந்தவர்களுக்கே இப்படி நடந்திருக்கிறது. எனவே வயதானவர்களோடு வரும் எல்லோரிடமும் நான் சொல்வது: காலை ஆறரைக்கு எஸ்டெஸ் பார்க்கில் இருங்கள், பன்னிரண்டு மணிக்குள் மரங்கள் இருக்கும் உயரத்துக்கு இறங்கிவிடுங்கள். தூரத்தில் ஒரு இடி கேட்டாலும் எல்லோரும் காருக்குள். படத்தை இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம்.

உயரம் ஆயிரம் அடி கூடினால் மூன்று முதல் ஐந்து டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். டென்வரில் 75 என்றால் மேலே நாற்பதுகளில் இருக்கலாம், கூடவே காற்று. அம்மாவுக்கு ஸ்வெட்டரும் அதன் மேல் காற்று புகாத ஜாக்கெட்டும், அப்பாவுக்கு ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தால் அந்த மங்கி குல்லாவும் கட்டாயம். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள் என்றால் இந்த உயரத்தைப் பற்றி டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். டென்வரில் வந்து இறங்கிய மறுநாளே மலை ஏறவும் வேண்டாம்.

நாட்களை இப்படி வைத்துக்கொள்வேன். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் மலைக்குப் போகும் சாலைகள் நிரம்பி வழியும். அந்த நாட்களில் டென்வரும், கொலராடோ ஸ்பிரிங்ஸில் இருக்கும் கார்டன் ஆஃப் த காட்ஸும் போதும். அந்தச் செம்பாறைகளைக் காலை வெயிலில் பார்க்க வேண்டும், தாத்தா பாட்டி நடக்கச் சமதளப் பாதையும் உண்டு. மலையை செவ்வாய், புதன் என்று இரண்டு நாளுக்குத் தள்ளுங்கள். ஒரு நாள் மழை கெடுத்தால் இன்னொரு நாள் கையில் இருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும். வியாழனுக்கு எதையும் வைக்காதீர்கள்.

அந்தச் செவ்வாய், புதனுக்கு, ஆறிலிருந்து பத்து நாள் வரைக்குமான அமெரிக்க அரசின் மழை வாய்ப்பு வரைபடத்தைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அதில் பச்சை நிறம் 40 என்று காட்டினால், வழக்கத்தைவிட அதிக மழைக்கு நூற்றுக்கு 40 வாய்ப்பு என்றுதான் பொருள். அதிகம், வழக்கம்போல, குறைவு என்ற மூன்றுக்கும் சம வாய்ப்பு இருக்கும்போதே அது 33. எவ்வளவு மழை என்பதை அந்தப் படம் சொல்வதில்லை. அதைவிட, பயணத்துக்கு இரண்டு நாள் முன்பிருந்து தேசிய வானிலைச் சேவையின் தளத்தில், டென்வர் பக்கத்தைக் கவனிக்கும் போல்டர் அலுவலகம் எழுதும் விளக்கக் குறிப்பைப் படியுங்கள். எந்த மணிக்கு இடி தொடங்கும், எதில் அவர்களுக்கே சந்தேகம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதே தளத்தில் இருக்கும் வரைபடத்தில் டென்வரை விட்டுவிட்டு மலையின் மேல் சொடுக்கினால் அந்த உயரத்துக்கான கணிப்பு தனியாக வரும். கொலராடோ ஸ்பிரிங்ஸ் பக்கத்துக்குப் பியூப்லோ அலுவலகம்.

கடுமையான இடிமழை எச்சரிக்கை வந்தால் அலட்சியம் வேண்டாம். 2008இல் இதே விடுமுறைக்கு முந்தைய வியாழனன்று, மே 22, டென்வருக்கு வடக்கே வின்ட்சர் ஊரைச் சுழற்காற்று தாக்கி ஒருவர் இறந்தார். 2017 மே 8இல் டென்வரில் விழுந்த ஆலங்கட்டியில் காப்பீட்டு இழப்பு மட்டும் 230 கோடி டாலர். வாடகைக் கார் எடுக்கும்போது ஆலங்கட்டிச் சேதத்துக்குக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள், மாலை மூன்று மணிக்கு மேல் கூரை போட்ட இடத்தில் நிறுத்துங்கள்.

பையன் விஷயத்தில் ஒன்று. இந்த வாரம் பனி உருகி ஆறுகள் எல்லாம் பெருகி ஓடும். எஸ்டெஸ் பார்க், கோல்டன், போல்டர் எங்கே போனாலும் ஓடைக்கரையில் உட்கார ஆசையாக இருக்கும். தண்ணீர் முழங்கால் ஆழம்தான் இருப்பது போலத் தெரியும், ஆனால் பெரியவர்களையே இழுத்துவிடும், ஐஸ் மாதிரி இருக்கும். கரையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டே இருங்கள். தண்ணீரில் ஆடித்தான் ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால், நான்கு மணி நேரம் ஓட்டி கிரேட் சாண்ட் டியூன்ஸ் போகலாம். அங்கே மணல்மேட்டின் அடியில் மெடானோ ஓடை கணுக்கால் அளவுக்கு அலை அலையாக ஓடுவது மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும்தான். விடுமுறை நாட்களில் அங்கே கூட்டம் தாங்காது, செவ்வாயே மலையை முடித்துவிட்டால் புதன் போங்கள், மதியத்துக்குள் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.