எதிராளி இல்லாத தங்கம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். ஒலிம்பிக்கின் ஆரம்ப காலம் பற்றிய உங்கள் கட்டுரையில், 1908 லண்டன் ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிகளை இரண்டு வரியில் தொட்டுவிட்டுப் போயிருந்தீர்கள். 7 மீட்டர் பிரிவில் ஒரே ஒரு படகுதான் கலந்துகொண்டது, அதற்கே தங்கம் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். 12 மீட்டர் பிரிவில் இரண்டு படகுகள், இரண்டுமே பிரிட்டன். தேடிப் பார்த்தால் 1920இல் இதைவிட மோசம். நார்வே ஆளில்லாத கடலில் தங்கமாக அள்ளியிருக்கிறது.

நம் சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் 44 பேரில் ஒருவராகப் போட்டியிட்டு 35ஆவதாக வந்தார். இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் பெண் அவர். அவருக்கு வரலாற்றில் ஒரு வரி. தனியாகப் படகு விட்ட பணக்காரர்களுக்குத் தங்கப் பதக்கம். இது என்ன நியாயம்? அந்தப் பதக்கங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால்தான் என்ன? அப்புறம் ஒரு சந்தேகம்: 12 மீட்டர் படகு என்கிறார்கள், நீளத்தைப் பார்த்தால் 18 மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறதே, எப்படி?

அன்புடன்,
ச., தூத்துக்குடி

*

அன்புள்ள ச. அவர்களுக்கு,

உங்கள் கோபம் நியாயமானதுதான். எதிர்த்து ஓட ஆளில்லாததைப் பந்தயம் என்று சொல்ல எனக்கும் வாய் வராது. 1908 ஜூலையில், இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவின் ரைட் கடலில், அந்த 7 மீட்டர் பிரிவில் ‘ஹீரோயின்’ என்ற படகு வாங்கிய தங்கத்துக்காக வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் நீங்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறீர்களே, உங்கள் முதல் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் அந்த இரண்டு படகு விவகாரம். 12 மீட்டர் பிரிவில் மோதியவை டி. சி. கிளென்-கோட்ஸின் ‘ஹீரா’, சார்லஸ் மக்கைவரின் ‘மூஷெட்’. முன்னவர் ஸ்காட்லாந்து, பின்னவர் லிவர்பூல் பக்கம். இரண்டு படகையும் தெற்கே இருக்கும் ரைட் வரை கொண்டுவருவது வீண் அலைச்சல் என்று பந்தயத்தையே ஸ்காட்லாந்துக்கு, கிளைடு முகத்துவாரத்தில் ஹன்டர்ஸ் கீ என்ற துறைக்கு மாற்றினார்கள். லண்டன் ஒலிம்பிக்கின் ஒரு பகுதி அப்படித்தான் ஸ்காட்லாந்தில் நடந்தது. ஆகஸ்ட் 11, 12 ஆகிய இரண்டு நாட்கள். 13 கடல் மைல் சுற்றை இரண்டு முறை சுற்ற வேண்டும். மூன்று பந்தயத்தில் இரண்டை வெல்பவருக்குத் தங்கம். படகுக்குப் பத்துப் பேர். ஹீரா முதல் இரண்டையும் வென்று கணக்கை முடித்துவிட்டது.

இரண்டே படகு என்பதால் இதைச் சுலபமான வெற்றி என்று நினைத்துவிடக் கூடாது. பாய்மரப் படகு காற்று வரும் திசைக்கு நேராகப் போக முடியாது. காற்றுக்குச் சாய்வாக ஒரு பக்கம் போய், திரும்பி, மறுபக்கம் போய், இப்படி வளைந்து வளைந்துதான் மேலேற முடியும். இப்போது முன்னால் இருக்கும் படகு என்ன செய்யும்? பின்னால் வருகிறவனுக்கும் காற்றுக்கும் நடுவே போய் நின்றுகொள்ளும். அதன் பாயில் பட்டுக் கலங்கிய காற்றுதான் பின்னவனுக்குக் கிடைக்கும். அவன் தப்பிக்கத் திரும்புவான். முன்னவனும் உடனே திரும்புவான். மறுபடி அவன் திரும்புவான், மறுபடி இவன். ஒவ்வொரு திருப்பத்திலும் பாய் மறுபக்கம் அடித்து விழ, பத்துப் பேரும் இடம் மாறிக் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். அதில் ஒருவர் கை ஒரு நொடி பிசகினால் போதும், இத்தனை நேரம் சேர்த்த தூரம் போய்விடும். பல படகுகள் ஓடும் பந்தயத்தில் ஒதுங்கிப் போய் உங்கள் காற்றை நீங்கள் தேடிக்கொள்ளலாம். இருவர் மோதும்போது அவ்வளவு எளிதில் ஒதுங்க விட மாட்டார்கள். இரண்டே படகு என்பதற்காக மட்டம் தட்டுவதென்றால் பாய்மரப் படகுகளின் புகழ்பெற்ற போட்டியான அமெரிக்கா கோப்பையையும் தூக்கிப் போட வேண்டியிருக்கும். அங்கேயும் கடைசியில் மோதுவது இரண்டு படகுகள்தான்.

சரி, ஏன் இரண்டே இரண்டு? பணம் ஒரு காரணம், அதை மறுக்கவே முடியாது. அப்படிப்பட்ட படகைச் செல்வந்தர்கள்தான் கட்ட முடியும். அதைக் கடல் தாண்டிக் கொண்டுவர வேண்டும், வேலையை விட்டு வரக்கூடிய பத்துப் பேர் வேண்டும். ஆனால் பணம் இருந்தவர்களே பலர் வரவில்லை. அதற்குக் காரணம், எந்தப் படகு எந்தப் படகோடு ஓடுவது நியாயம் என்ற கேள்விக்கு ஐரோப்பா அப்போதுதான் ஒரு பொதுவான விடையைக் கண்டிருந்தது.

ஓட்டப்பந்தயத்தில் இந்தச் சிக்கல் இல்லை. கோட்டில் நிற்க வைத்து விசில் அடித்தால் போதும். படகு அப்படியில்லை. நீர்மட்டத்தில் நீளம் கூடினால் வேகம் கூடும், பாய் பெரிதானால் வேகம் கூடும். எதை அளந்து எதோடு சமமாக்குவது? 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் டன் கணக்கு வைத்துப் பிரித்தார்கள். அரை டன் வரை ஒரு பிரிவு, அரை முதல் ஒன்று வரை, ஒன்று முதல் இரண்டு வரை, இப்படி மேலே போகும். போதாததற்கு நேரச் சலுகையும் உண்டு. பெரிய படகுகளுக்கு மட்டும் ல ஆவ்ர் துறைமுகத்தில் கடல். மற்றவை ஓடியது பாரிஸுக்கு வடமேற்கே மோலான் என்ற ஊரில், செய்ன் நதியில். ஆம், ஆற்றில்! எல்லாப் படகுகளும் சேர்ந்து ஓடிய மே 20ஆம் தேதிப் பந்தயத்தில் காற்றே இல்லை. பெரும்பாலானவை குறித்த நேரத்துக்குள் வந்து சேரவில்லை. பாயை நம்பிப் பயனில்லை என்று வேறு வழியில் படகை நகர்த்தியவர்களைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். ஜெயித்தது ‘ஸ்கோஷியா’ என்ற பிரிட்டிஷ் படகு. அதை வடிவமைத்த லின்டன் ஹோப் அந்தப் படகிலேயே இருந்தார். எட்டு வருடம் கழித்து ஹீராவை வடிவமைத்தவரும் அதை ஓட்டிய கிளென்-கோட்ஸேதான். அன்றைய பந்தயத்தில் பாதி, படகு தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே வரைபடத்தாளில் ஓடி முடிந்துவிடும்.

பழைய அளவு விதிகள் இன்னொரு கெடுதலும் செய்தன. விதி எதை அளக்கவில்லையோ அங்கே புகுந்துகொண்டு வேகத்தைத் திருடும் படகுகள் உருவாயின. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தட்டு மாதிரி ஆழமில்லாத, எடை குறைந்த, இரண்டு மூன்று வருடங்களில் பிரித்துப் போட வேண்டிய படகுகள் பந்தயங்களில் வந்து நின்றன. அதில் குடும்பத்தோடு ஒரு மாலை கடலுக்குப் போகக்கூட முடியாது. இதற்கு முடிவு கட்டத்தான் ஐரோப்பிய நாடுகளின் பிரதிநிதிகள் 1906இல் லண்டனில் கூடினார்கள். 1907இல் சர்வதேசப் பாய்மரப் படகுப் பந்தயச் சங்கம் உருவானது, புதிய விதியும் அமலுக்கு வந்தது.

இப்போது உங்கள் சந்தேகம். 12 மீட்டர் என்பது நீளம் இல்லை, ஒரு கணக்கின் விடை. படகின் நீளம், அகலம், குறுக்குச் சுற்றளவில் பாதி, அடிப்பகுதி எவ்வளவு குழிந்திருக்கிறது என்பதன் மூன்று மடங்கு, பாய்ப் பரப்பின் வர்க்கமூலத்தில் மூன்றில் ஒரு பங்கு, இவற்றையெல்லாம் கூட்டி, நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் பக்கவாட்டு உயரத்தைக் கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். விடை 12ஐத் தாண்டக் கூடாது. சிறிய போர்வையைத் தலைக்கு இழுத்தால் கால் வெளியே தெரிவது போல, நீளத்தைக் கூட்டினால் பாயைக் குறைத்தாக வேண்டும், பாயைக் கூட்டினால் நீளம் குறையும். அடிப்பகுதிக் குழிவை மூன்றால் பெருக்கியது அந்தத் தட்டுப் படகுகளை ஒழிப்பதற்காக. பக்கவாட்டு உயரத்தைக் கழித்ததில் ஒரு நல்ல மனசு இருக்கிறது: அலை உள்ளே ஏறாதபடி உயர்த்திக் கட்டுகிறவருக்கு விதியே சலுகை தருகிறது. எனக்கு இந்தச் சூத்திரத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு. கடலில் ஆள் சாகாமல் வேகமாகப் போவது எப்படி என்று யோசித்த மூளைகள் அதற்குள் இருக்கின்றன.

1908 ஒலிம்பிக் நடந்தபோது இந்த விதிக்கு வயது ஒன்று. புதிய கணக்குப்படி கட்டிய படகுகளே குறைவு. அதனால்தான் ரைட்டில் அவ்வளவு வெறுமை. நான்கே வருடங்கள் கழித்து, 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் நடந்த நைனஸ்ஹாம்னைப் பாருங்கள். 12 மீட்டரில் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து. 10 மீட்டரில் ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா. பின்லாந்து அப்போது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த நாடு. ஆனாலும் தனிப் பெயரில் வந்து ரஷ்யாவைப் பின்னுக்குத் தள்ளி வெள்ளி வாங்கியது. 6 மீட்டரில் பிரான்ஸின் தியூபே சகோதரர்கள் மூவர் ஒரே படகில் வந்து, டென்மார்க்கோடு புள்ளிகள் சமமாகி, தனியாக ஒரு பந்தயம் வைத்துத் தங்கம் வென்றார்கள். இதில் எந்தப் பதக்கத்தை நீக்கச் சொல்வீர்கள்?

1920 வேறு கதை. உலகப் போர் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதோடு 1919இல் அளவு விதியைத் திருத்தியிருந்தார்கள். பழைய விதிப் படகுகளையும் ஒதுக்க முடியாது, புதியதையும் விட முடியாது என்று 6, 8, 10, 12 மீட்டர் பிரிவுகளை இரண்டிரண்டாக உடைத்தார்கள். அதில் பழைய 10, புதிய 10, பழைய 12, புதிய 12. இந்த நான்கு பிரிவிலும், போட்டி நடந்த பெல்ஜியத்தின் ஓஸ்டெண்ட் கடலுக்கு வந்தது ஒவ்வொரு படகு, நான்குமே நார்வே. நீங்கள் சொன்ன ‘அள்ளல்’ இதுதான். நார்வேக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் படகைக் கொண்டுவந்தார்கள், மற்றவர்கள் கொண்டுவரவில்லை. அமைப்பாளர்கள் அத்தனை பிரிவுகளை வைத்திருக்கக் கூடாது.

அதே ஓஸ்டெண்டில் 12 அடிச் சிறுபடகுப் பிரிவில் இரண்டே படகுகள், இரண்டும் நெதர்லாந்து. ஒரு பந்தயத்தின் நடுவே மிதவை இடம் நகர்ந்துவிட்டது. எல்லை எது என்றே தெரியாத பந்தயம் செல்லாது என்று தள்ளினார்கள். மறுபடி நடத்த நாள் இல்லை. இரண்டும் உங்கள் ஊர்ப் படகுதானே, நீங்களே நடத்திக்கொள்ளுங்கள் என்று பெல்ஜியம் கேட்டுக்கொள்ள, மிச்சப் பந்தயங்கள் செப்டம்பர் 3ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் நடந்தன. வென்ற படகில் தந்தையும் இரண்டு மகன்களும் பதிவாகியிருக்கிறார்கள். மகன்களில் ஒருவருக்கு வயது 14.

நேத்ராவைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அதனால் இதையும் சொல்லியாக வேண்டும். ஒலிம்பிக்கில் முதன்முதலாக வென்ற பெண் ஒரு படகுக்காரர். 1900 மே 22 அன்று ஒன்று முதல் இரண்டு டன் பிரிவில் ஜெயித்த ‘லெரினா’ என்ற ஸ்விஸ் படகில் இருந்த எலேன் த பூர்தலேஸ். கணவரும் கணவரின் உறவினர் ஒருவரும் உடனிருந்தார்கள். நீங்கள் வெறுக்கும் அந்த ஹீரோயினிலும் பிரான்சிஸ் ரிவெட்-கார்னக் என்ற பெண் தன் கணவரோடு இருந்தார். 1920இல் 7 மீட்டரில் டோரதி ரைட், அவரும் கணவரோடுதான், எதிரில் நார்வே படகு இருக்கும்போதே தங்கம் வென்றார். பெண்கள் ஒலிம்பிக்கில் கலந்துகொள்வதையே நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய கூபெர்த்தன் விரும்பாத காலம் அது. படகில் மட்டும் யாரை ஏற்றுவது என்பதை முடிவு செய்தவர் படகின் சொந்தக்காரர். இது பணக்காரர்களின் விளையாட்டு என்பதுதான் உங்கள் கோபம், மற்றவர்களுக்குக் கதவை அடைத்ததும் அதுதான். உண்மை. அதே காரணத்தால்தான் இந்தப் பெண்களுக்கு ஒரு பக்கக் கதவு திறந்தது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பட்டியலிலிருந்து எதையும் எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. எடுத்தால் ஹீரோயினோடு பிரான்சிஸும் போய்விடுவார். ஒவ்வொரு பதக்கத்துக்கும் பக்கத்தில் எத்தனை படகுகள் ஓடின என்று ஒரு எண்ணைப் போட்டுவிடலாம். 1908இன் 7 மீட்டருக்கு எதிரே ‘1’ என்று இருக்கட்டும். படிக்கிறவர் புரிந்துகொள்வார். நாடுவாரியாகக் கூட்டிப் பார்க்கும் வழக்கத்தை மட்டும் அந்தக் காலத்துப் படகுப் போட்டிகளில் விட்டுவிடலாம்.

நேத்ரா ஓட்டிய லேசர் ரேடியல் வகையில் எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்த படகு, ஒரே அளவு பாய், ஒரு நாட்டுக்கு ஒருவர். வரைபடத்தாளில் ஜெயிக்க வழியே கிடையாது. அங்கே 35ஆவது என்றால் அது முழுக்க அவருடைய கையும் கண்ணும் சம்பாதித்தது. இந்தப் பக்கம் ஒலிம்பிக் நகரத் தொடங்கியது 1924இல், மறுபடியும் அதே மோலானில், அதே செய்ன் நதியில். ஒரே மாதிரியான சிறு படகுகள், படகுக்கு ஒரே ஆள். தங்கம் வென்றவர் பெல்ஜியத்தின் லியோன் ஹாய்பிரெக்ட்ஸ். 1908இல் ரைட்டில் ‘ஜூட்’ என்ற 6 மீட்டர் படகில் வெள்ளி. 1920இல் ஓஸ்டெண்டில் மறுபடி 6 மீட்டரில் வெள்ளி. எல்லோருக்கும் ஒரே படகு என்று ஆனபோது, 47 வயதில், முதலாவதாக வந்தார்.

அன்புடன்